தோள்சீலை யார் வாங்கிக் கொடுத்தது?

மார்ச் 2
வாசகர் ஒருவரின் கேள்வி: "குமரி மாவட்டத்தில் சாதிக் கொடுமையை ஒழித்தது மிஷனரிகள்தான் என்கிறது ஒரு தரப்பு. இல்லை, ஐயா வைகுண்டர்தான் என்கிறது இன்னொரு தரப்பு. சாமியே வேண்டாம் என்றவர்கள்தான் தமிழ்நாட்டைத் திருத்தினார்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். மதம் சமூகத்தைத் திருத்துமா, திருத்தாதா? சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் சொல்லுங்கள்."

மார்ச் 2, இரவு
ஒரே வரி என்றால் இதுதான். எங்கள் பக்கம் மதம் யாரையும் திருத்தவில்லை. ஆட்கள் வேறு மதத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயம்தான் திருத்தியது. மீதியை லீவில் எழுதுகிறேன்.

மார்ச் 4
மாசி 20. வைகுண்டர் அவதார நாள், மாவட்டத்துக்கே லீவு. நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்கு ஊர்வலம் போகிறது. காவித் தலைப்பாகைக் கூட்டத்தில் வண்டி நகராது. வீட்டில் இருந்து எழுத நல்ல நாள்.

தோள்சீலைப் போராட்டம் என்றால் பலருக்கும் ஒரு படம் மனதில் இருக்கிறது. வெள்ளைக்காரப் பாதிரி வந்தார், சட்டை கொடுத்தார், முடிந்தது. அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போடக்கூடாது, இடுப்பில் குடம் வைக்கக்கூடாது, ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. சர்க்காருக்குக் கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். வெள்ளைக்காரர் மன்றோ திவானாக இருந்தபோது, வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியம் இல்லை என்றானது. அவர்கள் வீட்டுப் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போடலாம் என்றும் ஆனது. 1829-ல் அரசு அதை மறுபடி வரையறுத்தது: குப்பாயம் சரி, மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போடுவது கூடாது.

அப்படிப் போட்டவர்களின் சீலையைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் கலவரம் பெரிதானது. வீடுகளும் சபைகளும் எரிந்தன. சென்னை ஆளுநர் டிரெவெல்யன் நெருக்கினார். 1859 ஜூலை 26-ல் மகாராஜா உத்திரம் திருநாள் அறிவிப்பு வெளியிட்டார். இனி நாடார் பெண்கள், இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும், குப்பாயம் போடலாம். மீனவரான முக்குவர் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது!

கடைசி வரியைக் கவனியுங்கள். வெற்றி என்று கொண்டாடுகிற அந்த உத்தரவிலும் "போல அணியக் கூடாது" இருக்கிறது. அரசு இரங்கியது துணிக்குத்தான், அந்தஸ்துக்கு அல்ல.

இந்து நாடார் பெண்ணுக்கும் ஏன் கொடுத்தார்கள்? வேதத்தில் சேர்ந்தால் சட்டை, சேராவிட்டால் இல்லை என்றால் எல்லோரும் எந்தப் பக்கம் போவார்கள் என்று கணக்குப் போட அரண்மனைக்குத் தெரியும்.

மார்ச் 4, மத்தியானம்
அதற்குள் ஒருவர்: "அப்போ மிஷனரிகள்தான் காரணம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்."

அரைக் காரணம். மாறிப் போவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடமாக அவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்கள், பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக் கொடுத்து அவர்கள் கையில் சொந்தக் காசைக் கொடுத்தார்கள். அதையெல்லாம் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் பாட்டி படித்ததே அப்படித்தான்.

ஆனால் சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவள் பாதிரி மனைவி இல்லை. குப்பாயத்தோடு நின்றுகொள்ளச் சொன்ன பாதிரிமார்களும் உண்டு. எங்கள் பெண்கள் அதைக் கேட்கவில்லை. மேல்சாதிக்காரி போடுவதுதான் வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். அடக்கம், நாகரிகம் என்று பாதிரிமார் சொன்ன பாடத்தைத் தாண்டி, "உனக்கு உள்ளது எனக்கும்" என்பது அவர்களே கண்டுபிடித்த பாடம்.

மார்ச் 5
வைகுண்டர் பக்கம்.

எங்கள் பாட்டாவும் அவர் அண்ணனும் ஒரே வளவில் இருந்தார்கள். அண்ணன் வைகுண்டர் வழிபாட்டு இடமான நிழல் தாங்கல் நடத்தினார், தம்பி சபை மூப்பர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இரண்டு இடத்துக்கும் போவோம். தாங்கலில் சாப்பாடு நன்றாக இருக்கும். உள்ளே சிலை கிடையாது. ஒரு நிலைக்கண்ணாடி, முன்னால் விளக்கு. பெரியபாட்டா வேட்டித் துண்டைத் தலையில் உருமா கட்டிக்கொண்டு அதன் முன் நிற்பார். எங்களுக்கும் கைக்குட்டையைக் கட்டிவிடுவார். "ராசா முன்னால துண்ட எடுத்து கக்கத்துல வச்ச சாதிடே நாம. இங்க கட்டிட்டு நில்லு, உள்ள தெரியவன நல்லாப் பாரு" என்பார். கண்ணாடியில் எனக்கு என் மூஞ்சிதான் தெரிந்தது. அவர் சொன்னதும் அதுதான் என்று புரியப் பல வருசம் ஆனது.

முத்துக்குட்டி என்ற பெயரோடு இருந்தவர், 1833-ல் திருச்செந்தூர் போய்த் திரும்பி வைகுண்டரானார். சாமிதோப்பில் முத்திரிக் கிணறு வெட்டி எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தார். சேர்ந்து குளித்து, துவைத்து, சேர்ந்து சமைத்துத் தின்னும் துவையல் பந்தி நடத்தினார். திருவிதாங்கூர் ராஜாவைக் கலிநீசன் என்றார், வெள்ளைக்காரனை வெண்நீசன் என்றார். ராஜா பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார். தலைப்பாகை, கண்ணாடி, கிணறு என்று மூன்றையும் வைத்து ஒரு சமூகத்தின் முதுகை நிமிர்த்தியிருக்கிறார். அதற்கு எந்த மன்றோவும் தேவைப்படவில்லை.

அப்படியானால் என் ஒரு வரி உடையுமா? உடையவில்லை. அவரும் வெளியேற ஒரு வழிதான் காட்டினார். கோவிலுக்குள் விடு என்று கெஞ்சாமல் எங்களுக்கு வேறு இடம் உண்டு என்றார். சபைக்குப் போகவும் வேண்டாம் என்றார். மூன்றாவது வாசல். அதனால்தான் மிஷன் அறிக்கைகளில் வைகுண்டர் மேல் அவ்வளவு எரிச்சல். போட்டிக் கடை திறந்தவரைப் பற்றி எந்தக் கடைக்காரர் நல்லதாக எழுதுவார்?

இன்றைக்கு அந்த வாசலை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மூடி வைத்திருக்கிறது. வைகுண்டர் வழியான அய்யாவழிக்காரர் இந்துவாகவே எண்ணப்படுகிறார். தனி மதம் என்பவர்களும் இந்துதான் என்பவர்களும் அய்யாவழிக்குள்ளேயே சண்டை போடுகிறார்கள். பெரியபாட்டாவிடம் கேட்டிருந்தால் இரண்டு பேரையும் திட்டியிருப்பார்.

மார்ச் 5, இரவு
"வள்ளலார்?" என்று ஒரு சொல்லில் கேள்வி.

1867-ல் வடலூரில் தருமசாலை. மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாதி, சமயம் இரண்டையும் பொய் என்று பாடிவிட்டுப் போனார். பதிலுக்குக் கிடைத்தது, அவர் பாட்டை அருட்பா என்று சொல்லலாமா கூடாதா என்று கோர்ட்டுவரை போன சண்டை. கருணையால் பசி தீர்ந்தது. மடங்களில் ஒரு நாற்காலிகூட இடம் மாறவில்லை. அவரை நான் கும்பிடுகிறேன். அது வேறு கணக்கு.

மார்ச் 7
என் ஒரு வரிக்கு நானே ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். மாறிப் போகிற மிரட்டல் இல்லாத இடத்தில் என்ன நடந்தது?

ராமநாதபுரம் பக்கத்து நாடார்களைப் பாருங்கள். பணம் இருந்தது, உறவின்முறை என்ற சாதிச் சங்கம் இருந்தது. பெரும்பாலும் மதம் மாறவில்லை. பூணூல் போட்டுச் சத்திரியர் என்றார்கள். 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோவிலுக்குள் போனார்கள். ராமநாதபுரம் ராஜா சேதுபதி வழக்குப் போட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் நாடார்கள் தோற்றார்கள். இடையில் 1899-ல் சிவகாசி எரிந்தது. "நானும் உன் மதம்தான், உள்ளே விடு" என்று கேட்டவருக்குக் கிடைத்தது செலவுத்தொகைத் தீர்ப்பு.

இதே கோவில் நுழைவு திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-ல் ஒரே கையெழுத்தில் நடந்தது. அதற்கு முந்தைய வருசம்தான் அம்பேத்கர் இயோலாவில் "இந்துவாகச் சாக மாட்டேன்" என்றார். ஈழவர்கள் கூட்டம் கூட்டமாக வேறு மதத்துக்குப் போவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சுசீந்திரத்திலோ 1926-லிருந்தே, கோவிலுக்குள் அல்ல, கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே சத்தியாகிரகம் செய்து பார்த்துவிட்டார்கள். அப்போதெல்லாம் அசையாத அரண்மனை, ஆட்கள் மூட்டை கட்டத் தொடங்கியதும் அசைந்தது.

மார்ச் 7, கொஞ்சம் கழித்து
மதுரையை விட்டுவிட்டேன் என்று ஒருவர் எழுதப் போகிறார், நானே எழுதிவிடுகிறேன். 1939 ஜூலை 8, வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் ஒரு நாடாரையும் கூட்டிக்கொண்டு மீனாட்சி கோவிலுக்குள் போனார். அங்கே மதமாற்றப் பயம் இவ்வளவு நேரடியாக இல்லை. காங்கிரஸ் ஆட்சி இருந்தது, ராஜாஜி சட்டத்தால் காப்பாற்றினார். ஆகவே என் வரியைக் கொஞ்சம் அகலப்படுத்துகிறேன். பயம் என்பது மதம் மாறுவதாகவும் இருக்கலாம், ஓட்டு மாறுவதாகவும் இருக்கலாம். 1932 பூனா ஒப்பந்தத்தின் கவலையே, தாழ்த்தப்பட்டவர் தனி வாக்காளர் தொகுதியாகப் பிரிந்து போய்விடக்கூடாது என்பதுதானே.

மார்ச் 8
"பெரியார் இல்லாமல் எப்படி?"

வருகிறேன். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சௌந்தரபாண்டியன் நாடார். கமுதியில் தோற்ற சமூகம் அந்தப் பக்கம் போனதில் ஆச்சரியம் இல்லை. கோவில் விடவில்லை, சபை பிடிக்கவில்லை, மூன்றாவதாக ஓர் இடம். மதத்தை விட்டு வெளியேறுவதும் ஒரு வாசல்தான். பெரியார் அந்த வாசலைத் தெருவில் நிற்கிற எவனும் நுழையும் அளவுக்கு அகலமாக்கினார்.

ஆனால் சட்டம் அவரைவிடக் கெட்டி. அண்ணா 1967-ல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தார். ஐயர் இல்லாமல், மாலை மாற்றினால் செல்லும். எதில் கொண்டுபோய்ச் சேர்த்தார்? இந்து திருமணச் சட்டத்தில், 7-ஏ பிரிவாக. வேறு வழியும் அவருக்கு இல்லை. கடவுள் இல்லை என்று சொல்லிக் கட்டுகிற தாலி, இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான் செல்லும்.

என் சித்தப்பா மகளுக்கு இந்தச் சட்டம் உதவவில்லை. அவள் கிறிஸ்தவள், மாப்பிள்ளை இந்து, இருவருக்கும் சர்ச்சும் வேண்டாம் கோவிலும் வேண்டாம். சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. 30 நாள் நோட்டீஸ். சார்பதிவாளர் அலுவலகப் பலகையில் இரண்டு பேர் பெயர், முகவரி எல்லாம் தொங்கியது. முதல் வாரமே யாரோ ஒருவர் அதைப் போட்டோ எடுத்து இரண்டு குடும்பத்துக்கும் அனுப்பிவிட்டார். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? மதத்திலிருந்து இல்லை. எங்கள் சொந்தத்தில் இந்து நாடாரும் கிறிஸ்தவ நாடாரும் கட்டிக்கொள்வது புதிது அல்ல. ஒரு பக்கம் மோதிரம், ஒரு பக்கம் தாலி, மத்தியானம் ஒரே பந்தி. இந்த மாப்பிள்ளை வேறு சாதி. அதுதான் விஷயம். ஒரு மைனி நேராகவே கேட்டாள்: "இந்துன்னா பரவாயில்ல, நம்ம இந்துவா இருக்கக் கூடாதா?"

மார்ச் 8, இரவு
மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் மதமாற்றத்தால் சாதி போகவில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள், பிறகு எதற்கு மதமாற்றத்தைப் புகழ்கிறீர்கள்?" என்கிறார்.

புகழவில்லை. அதனால் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்று பிரிக்கிறேன். மாறியவருக்கு மேலே இருந்தவரோடு பேரம் பேச வலு கிடைத்தது. கீழே இருந்தவரிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பது தனிக் கதை.

மார்ச் 10
அந்தத் தனிக் கதை.

தென் திருவிதாங்கூரில் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையின் முதல் ஆள் நாடார் அல்ல. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம், தாழ்த்தப்பட்ட சாதியான சாம்பவர். தஞ்சாவூர் போய் ஞானஸ்நானம் வாங்கிவந்து, ரிங்கல்தௌபே என்ற பாதிரியை வரவழைத்தவர் அவர்தான். 1806-ல் பாதிரி வந்தார், 1809-ல் மயிலாடியில் ஆலயம். பிறகு நாடார்கள் திரளாகச் சேர்ந்தார்கள். சேர்ந்ததும் வீடு யாருடையது ஆனது?

எங்கள் சபையையே சொல்கிறேன். எந்த ஊர் என்று வேண்டாம். சாம்பவர் குடும்பங்கள் இருந்தன. பாடல்குழுவில் அருமையாகப் பாடுவார்கள். ஒரு தலைமையாசிரியர், பைபிளை எங்கள் ஐயரைவிட (பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம்) நன்றாகப் படித்தவர். பொருளாளர் தேர்தலில் நின்று நின்று தோற்றார். சபைத் தேர்தலில் தேவசித்தம் என்பார்கள். சித்தம் எப்போதும் பெரிய குடும்பங்களின் பக்கமே விழும். அசன விருந்தில் ஒரே பந்திதான், யாரும் பிரித்து உட்கார வைப்பதில்லை. ஆனால் சமையலுக்கு யார் நிற்பது, பந்தி முடிந்து இலை எடுப்பது யார் என்று எவரும் சொல்லாமலே நடக்கும். எனக்கு அது தெரியவே ஒரு வெளியூர் நண்பன் வந்து கேட்க வேண்டியிருந்தது.

சாம்பவர்களிலும் பலர் இரட்சணிய சேனைக்குப் போனார்கள், பிறகு பெந்தெகொஸ்தேக்குப் போனார்கள். மறுபடியும் அதே வேலை, வெளியேறுதல். போன பிறகுதான் எங்கள் சபையில் "எல்லோரையும் அரவணைக்க வேண்டும்" என்று பிரசங்கம் வந்தது.

ஐயர்கள் இதைத் தடுக்க முயலவில்லையா? முயன்றவர்கள் உண்டு. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கடிதமே அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். அதற்கு முன்பே, எல்லோரும் ஒன்றாக உட்காரச் சொல்வதை எதிர்த்து வேதநாயக சாஸ்திரியார் எழுதிக் குவித்திருந்தார். இன்றும் நாங்கள் கண்ணீரோடு பாடுகிற கீர்த்தனைகள் அவருடையவைதான். 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவப் போதகர் என்கிற தெ நொபிலியோ சாதியைத் தொடாமலே மதத்தைக் கொடுக்கலாம் என்று ரோமிடம் அனுமதியே வாங்கினார். ஆக, இரண்டு கொள்கையையும் சபை முயன்று பார்த்துவிட்டது.

மார்ச் 10, பின்குறிப்பு
அதே திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் சாதி அடையாளமான கல்மாலையை அறுத்தெறிய அவர்கள் தலைவர் அய்யன்காளி கொல்லத்தில் கூட்டம் கூட்டியது 1915-ல். நாடார் பெண்ணுக்குச் சட்டை கிடைத்து 56 வருசம் கழித்து. இடையில் எங்கள் ஆட்கள் அவர்களுக்காக என்ன செய்தார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 13
"அரசியல் எங்கே?"

எங்கள் அரசியலின் பிறந்த தேதி 1982 மார்ச் 1. மண்டைக்காடு அம்மன் கொடைத் திருவிழா. அதற்கு முந்தைய வருசம் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் மொத்தமாக இஸ்லாத்துக்குப் போயிருந்தன. டெல்லிவரை தலைவர்கள் ஓடிவந்தார்கள். காற்று ஏற்கனவே சூடு. கொடைக்கூட்டத்துக்கும் கடற்கரைக் கத்தோலிக்கர்களுக்கும் தகராறு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 6 பேர் செத்தார்கள், பிறகு வாரக்கணக்கில் ஊர் ஊராக எரிந்தது. குன்றக்குடி அடிகளார் வந்து சமாதானம் பேசினார். வேணுகோபால் கமிஷன் போட்டார்கள்.

எனக்கு அப்போது சின்ன வயது. நினைவில் இருப்பது ஒன்றுதான். பெரியபாட்டா வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் மதிலே இருந்ததில்லை. அந்த வருசம் முள்வேலி போட்டார்கள். யார் போட்டது என்று இன்றுவரை இரண்டு வீடும் மாற்றி மாற்றிச் சொல்லும்.

அதுவரை இந்து நாடாரும் கிறிஸ்தவ நாடாரும் முதலில் நாடார். பிறகு முதலில் இந்து, முதலில் கிறிஸ்தவர். தமிழ்நாட்டில் பாஜக வென்ற முதல் சட்டமன்றத் தொகுதி 1996-ல் பத்மநாபபுரம், எங்கள் மாவட்டம். வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள், நாங்கள் படுவதில்லை. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85. யார் பெரும்பான்மை, யார் சிறுபான்மை என்பது வார்டுக்கு வார்டு மாறும். பேரூராட்சித் தேர்தலில் எங்கள் தெருவில் இந்துதான் சிறுபான்மை. அவரும் சிறுபான்மைக்கு உரிய எல்லாப் புகாரும் சொல்வார், பெரும்பாலும் நியாயமாகவே.

மண்டைக்காட்டில் அடிபட்ட கடற்கரை மக்களைப் பற்றி உள்நாட்டுக் கிறிஸ்தவர்கள் அன்றைக்கு எப்படிப் பேசினார்கள் என்பதையும் எழுத வேண்டும். சவேரியார் காலத்திலிருந்து வேதத்தில் இருப்பவர்கள் அவர்கள், எங்களைவிட 250 வருசம் மூத்தவர்கள். எங்கள் வீட்டில் அவர்களைப் பற்றிச் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது. சிறுபான்மை என்ற ஒரே குடைக்குள் யாரும் யாரையும் தொடாமல் நின்றோம்.

மார்ச் 14
இடஒதுக்கீடு பற்றி இரண்டு பேர் கேட்டதால் சுருக்கமாக. 2007-ல் கருணாநிதி அரசு, பிற்படுத்தப்பட்டோர் பங்குக்குள்ளிருந்து முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 என்று தனியாகப் பிரித்தது. முஸ்லிம்கள் வைத்துக்கொண்டார்கள், பலன் உண்டு. கிறிஸ்தவர்கள் அடுத்த வருசமே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள்! பொதுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சாதிப் பெயரால் ஏற்கனவே அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தோம். மதத்தின் பெயரால் கணக்குப் பார்த்தால் நஷ்டம் என்று தெரிந்ததும் சாதிக்கே திரும்பினோம். எவ்வளவு பிரசங்கம் கேட்டாலும் கட்-ஆஃப் மார்க் வந்தால் உண்மை வந்துவிடும்.

மார்ச் 15
பெண்கள் பற்றி இவ்வளவு நேரம் சட்டையோடு நிறுத்திவிட்டேன்.

திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், 1916. அதன்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் அது செல்லாது, மகனுக்கும் மகளுக்கும் சமம் என்றது. கேரளத்துச் சபைகள் சந்தோஷப்படவில்லை. குடும்பம் உடையும், கடன் பெருகும் என்றன. 1989-ல் தமிழ்நாடு அரசு இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்தபோது மடங்களும் ஊர்வலம் நடத்திக் கொண்டாடவில்லை. இரண்டும் வந்தது கோர்ட்டிலிருந்தும் சட்டசபையிலிருந்தும். மதத்துக்கு இதில் பங்கு பூஜ்யம்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது? பாட்டா இறந்த பிறகு அத்தைமார் வந்தார்கள். தீர்ப்பு வந்து பல வருசம் ஆகியிருந்தது, எல்லோருக்கும் தெரியும். ஐயர் ஜெபம் செய்தார். ஜெபத்திலேயே "சகோதர ஐக்கியம்" வந்துவிட்டது. பத்திரம் எழுதுகிறவர் விடுதலைப் பத்திரத்தை முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார். பெரிய அத்தை கையெழுத்துப் போடும் முன் கண்ணாடியைத் துடைத்து முழுவதும் படித்தாள். "அன்பினிமித்தம்னு போட்டிருக்கே, தொகை எங்க?" என்று கேட்டாள். யாரும் பேசவில்லை. போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனாள்.

இதைச் சபையில் எவரும் பிரச்சினை என்றே பேசியதில்லை. தோள்சீலைப் போராட்டத்தின் 200-வது ஆண்டுக்கு மேடை போட்டுப் பேசியவர்களும் பேசவில்லை.

மார்ச் 17
நீண்ட எதிர்ப்பு ஒன்று. சாரம்: "சுற்றிலும் பகை வளர்கிற நேரத்தில் சிறுபான்மையின் அழுக்கை வெளியே துவைப்பது யாருக்கு உதவும்?"

இந்தக் கேள்வியை எனக்கு முதலில் கேட்டது எங்கள் ஐயர்தான். 2002-ல் ஜெயலலிதா கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது. அந்த நேரம் சபைக் கணக்கில் ஒரு தில்லுமுல்லு பற்றிச் சில இளைஞர்கள் கேட்டோம். "நம்ம மேல கேஸ் போடக் காத்திருக்கானுவ, நீங்க உள்ள இருந்து கல்லெறியுதீங்க" என்றார். வாயை மூடிக்கொண்டோம். 2004 தேர்தலில் தோற்றதும் ஜெயலலிதா சட்டத்தைத் திரும்பப் பெற்றார். எங்கள் கணக்கு யாருக்கும் திரும்ப வரவில்லை.

வெளியே நெருக்கடி உண்மைதான். சபை எரிந்ததைப் பார்த்தவன் நான். ஆனால் நெருக்கடியால் யாருக்கு லாபம் என்றும் பார்க்க வேண்டும். வெளியே போக வழி இருக்கும்போது உள்ளே இருப்பவன் சொல்வதைத் தலைவர்கள் கேட்பார்கள் என்று மார்ச் 2-லிருந்து சொல்லிவருகிறேன். சிறுபான்மைக்குள் இருக்கிற ஏழைக்கும் பெண்ணுக்கும் தலித்துக்கும் அந்த வழி இரண்டு பக்கமும் அடைபடுகிறது. வெளியே போனால் துரோகி. உள்ளே பேசினால் எதிரிக்குக் கையாள். பேராயர் தேர்தலில் நிற்கிறவர்களுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

முஸ்லிம் நண்பர் ஒருவர் இதே புலம்பலை ஜமாத் பற்றிச் சொல்வார். தாவூத் ஷா 'தாருல் இஸ்லாம்' பத்திரிகையில் தன் சமூகத்தையே விளாசிய காலத்தில் இருந்த தைரியம் இப்போது ஏன் இல்லை என்பார். அந்தக் காலத்தில் அவரை உலமாக்கள்தான் திட்டினார்கள். இப்போது எழுதினால் உலமாக்களுக்கு முன் டிவிக்காரன் வந்து நிற்பான்.

மார்ச் 18
"தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. தகுதி வேண்டுமா வேண்டாமா? இதற்காவது நேராகச் சொல்லுங்கள்."

வேண்டும்.

1950 ஜனாதிபதி ஆணை, இந்து அல்லாதவர் எஸ்.சி. ஆக முடியாது என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் திறந்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள், தனித் தொகுதியும் கிடையாது, வன்கொடுமைச் சட்டமும் அவர்களுக்கு இல்லை. முதலில் சொன்னேனே, மாறிப் போகிற பயம் என்று, அதைத் தலித்துகள் விஷயத்தில் மட்டும் இந்த ஆணை ஒரே வரியில் செத்துப்போகச் செய்துவிட்டது. போனால் சலுகை போகும். ஆகவே அவர்கள் போவார்கள் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

1985-ல் சூசை வழக்கு. சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்தவர். எஸ்.சி. செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அதே தெரு, அதே தோல், அதே ஊசி. உச்ச நீதிமன்றம் சொன்னது: மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அந்த இழிவும் முடக்கமும் புதிய மதத்துக்குள்ளும் அதே அளவு கடுமையாகத் தொடர்வதை நிரூபிக்க வேண்டும்.

2022-ல் மத்திய அரசு இதை ஆராய பாலகிருஷ்ணன் ஆணையம் அமைத்தது. எங்கள் சபைகள் வருசாவருசம் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக வைத்து, கறுப்புத் துணி கட்டி, சலுகை கேட்கின்றன. நியாயமான கேட்பு. ஆனால் நீதிமன்றம் கேட்ட ஆதாரம் எங்கே இருக்கிறது? விழுப்புரம் பக்கம் எறையூரில் இருக்கிறது. 2008-ல் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதில் கலவரம் ஆகி, துப்பாக்கிச்சூட்டில் 2 பேர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், பிணங்களை இரண்டாகப் பிரிக்கிற சுவராக இருக்கிறது. எங்கள் சபையின் பொருளாளர் பட்டியலிலும் இருக்கிறது.

அந்த ஆதாரத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டியவர்கள் பேராயர்களும் பங்குத்தந்தைகளும்தான். போன மாதம் ஒரு கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன். மேடையிலிருந்து, "நம்ம சபையில அப்படி ஒண்ணும் இல்லையே தம்பி" என்று பதில் வந்தது. அதே மேடையில்தான் அடுத்த தீர்மானமாக எஸ்.சி. தகுதி கேட்டுக் கைதட்டி நிறைவேற்றினார்கள்.